சொல்லப்படாத ஆறு மணி நேரம்

பொய் சொல்லுதல் தீது என்பதில் நம்மிடையே இரு வேறு கருத்து இல்லை. சொல்லாதிருத்தல் தீதாகுமா என்று கேட்டால் மட்டும் தயங்குகிறோம். "நான் பொய் சொல்லவில்லை, பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்" என்று கூறித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் வீட்டிலும் உண்டு, கடைத்தெருவிலும் உண்டு, அரசு மாளிகையிலும் உண்டு. வாய் திறவாதவன்மீது குற்றம் சாட்டுவது எளிதன்று. இன்ன சொல்லைச் சொன்னான் என்று சுட்டிக் காட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இராது.

இந்த வினா மனத்தில் எழும்போதெல்லாம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. நான் கண்ட நாளன்று, படித்தறிந்த நாள். 1941ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22ஆம் நாள். அன்று மூன்று தலைநகரங்களிலிருந்து மூன்று குரல்கள் வானொலியில் ஒலித்தன. அக்குரல்களைவிட, அவற்றுள் ஒன்று ஒலிக்காமல் இருந்த நேரமே என்னை அதிகம் சிந்திக்க வைத்திருக்கிறது.

அன்று விடியற்காலை, மாஸ்கோ நேரப்படி நான்கு மணியளவில், பால்ட்டிக் கடல் தொடங்கிக் கருங்கடல் வரை நீண்டு கிடந்த எல்லை நெடுகிலும் ஜெர்மானியப் பீரங்கிகள் முழங்கின. முப்பது லட்சம் பேருக்கும் மேற்பட்ட படை சோவியத் ரஷ்யாவின்மீது பாய்ந்தது. கீவ், செவஸ்தபோல், கௌனாஸ் ஆகிய நகரங்களில், உறங்கிக் கொண்டிருந்தவர்களின் கூரைமேல் குண்டுகள் விழுந்தன. இரு நாடுகளுக்கும் இடையே ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற உடன்படிக்கை அப்பொழுது நடப்பில் இருந்தது. அது கையெழுத்தாகி இருபத்திரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

பெர்லினில் காலை ஐந்தரை மணி. நாட்டின் அனைத்து வானொலி நிலையங்களிலும், லிஸ்ட் என்னும் இசைமேதையின் படைப்பிலிருந்து எடுக்கப்பட்ட எக்காள முழக்கம் எழுந்தது. அதைத் தொடர்ந்து பரப்புரை அமைச்சர் கோயபெல்ஸ், ஹிட்லரின் அறிக்கையைப் படித்தார். நேற்று வரை நண்பன் என்று சொல்லப்பட்ட நாடு, உண்மையில் இங்கிலாந்தோடு கூடிச் சதி செய்த பகைநாடு என்று அதில் இருந்தது. ஐரோப்பாவைக் காப்பதற்காகவே படை புறப்பட்டது என்றும் இருந்தது. அப்பட்டமான பொய்கள். அவற்றைப் பற்றி இங்கே அதிகம் எழுத வேண்டியதில்லை. உலகம் அவற்றுக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட்டது.

பெர்லினில் ஐந்தரை மணி என்றால் மாஸ்கோவில் ஆறரை மணி. அந்த நேரத்தில் மாஸ்கோ வானொலி என்ன செய்துகொண்டிருந்தது? வழக்கமான காலை நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்தது. உடற்பயிற்சி செய்யும் முறை சொல்லப்பட்டது. சிறுவர்களுக்கான நிகழ்ச்சி வந்தது. தொழிற்சாலைகளிலும் கூட்டுப் பண்ணைகளிலும் நிகழ்ந்த சாதனைகள் செய்திகளாக வாசிக்கப்பட்டன. போர் என்ற சொல் மட்டும் வரவில்லை.

அரசுக்குத் தெரியாதா? தெரியும். எல்லைப் படைத் தலைவர்களிடமிருந்து முதல் வெடியோசையோடு செய்தி வரத் தொடங்கிவிட்டது. ஐந்தரை மணியளவில் ஜெர்மானியத் தூதுவர் ஷூலன்பர்க் தாமே சென்று, அயல்துறை அமைச்சர் மொலட்டோவிடம் போர்ச் செய்தியைத் தெரிவித்தார். அதற்குப் பின் ஐயத்துக்கே இடமில்லை. ஆயினும் மொலட்டோவ் ஒலிவாங்கியின் முன் வந்தபோது பகல் பன்னிரண்டே கால் மணி.

இதைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். தாக்கிய நாட்டின் மக்களுக்கு ஆறரை மணிக்குப் போர் தெரிந்துவிட்டது. தாக்கப்பட்ட நாட்டின் மக்களுக்கு அது சொல்லப்பட ஏறத்தாழ ஆறு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. பெர்லினில் காலை உணவு உண்டவன் அறிந்திருந்த செய்தியை, அதே வேளையில் மாஸ்கோவில் வானொலியின் சொற்படி கைகால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தவன் அறியவில்லை. ஒருவன் பொய்யோடு கலந்த செய்தியைப் பெற்றான். மற்றவன் செய்தியையே பெறவில்லை. இருவரில் யார் அதிகம் வஞ்சிக்கப்பட்டவர்?

முதலாமவன் என்றே உடனே சொல்லத் தோன்றும். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பொய்யைக் கேட்டவனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவன் அதை ஐயுறலாம். நேற்று நண்பன் என்றீர்களே, இன்று எப்படிப் பகைவன் ஆனான் என்று, வெளியே கேட்கத் துணிவில்லாவிட்டாலும், உள்ளத்துக்குள் கேட்டுக்கொள்ளலாம். மௌனத்தைக் கேட்டவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சொல்லப்படாத ஒன்றை அவன் எப்படி ஐயுறுவான்? உடற்பயிற்சி நிகழ்ச்சியில் பொய் எதுவும் இல்லையே! அதில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் அந்த நிகழ்ச்சி அன்று அந்த நேரத்தில் ஒலித்ததே, "இன்றும் ஒரு சாதாரண ஞாயிறுதான்" என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த மௌனம் அன்று காலையில் மட்டும் தொடங்கியதன்று. ஒன்பது நாள் முன்பு, ஜூன் 13ஆம் நாள் மாலை, அரசுச் செய்தி நிறுவனமான டாஸின் அறிக்கை ஒன்று மாஸ்கோ வானொலியில் வந்தது. மறுநாள் இதழ்களிலும் வெளியாயிற்று. ஜெர்மனி தாக்கப் போகிறது என்ற பேச்சுகள் ஆதாரமற்றவை என்று அது கூறியது. அந்த நொடியிலிருந்து, அஞ்சியவன் வதந்தி பரப்புபவன் ஆனான். முன்னெச்சரிக்கை உடையவன் கோழை ஆனான். ஜூன் 21ஆம் நாள் இரவு, ஆல்ஃபிரட் லிஸ்கோவ் என்ற ஜெர்மானியப் படைவீரன் எல்லையிலிருந்த பூக் ஆற்றைக் கடந்து வந்து, விடிந்தால் போர் என்று சொன்னான். அதே மாலை மேற்கு எல்லையின் படைத்தலைவர் பாவ்லோவ் மின்ஸ்க் நகரில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்குள், தோல்விக்கு அவரே பொறுப்பு என்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லைப் பாலங்களின் வழியே ஜெர்மனிக்குத் தானியம் ஏற்றிய சரக்கு வண்டிகள் கடைசி நேரம் வரை சென்றுகொண்டிருந்தன என்று படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

மௌனத்துக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு. அதைப் புறக்கணித்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. போர் என்று திடீரென அறிவித்தால் மக்கள் கலங்குவர், சாலைகள் அடைபடும், கடைகள் சூறையாடப்படும், படைகள் நகர வழியிராது. முழுச் செய்தியும் தெரியாமல் பாதியைச் சொல்வதும் பொறுப்பற்ற செயலாகும். ஓர் அரசு சில மணி நேரம் பொறுத்துச் சொல்வதில் என்ன பிழை என்று கேட்கலாம்.

இந்த வாதத்தை எடைபோட நாட்டு நிலையிலிருந்து வீட்டு நிலைக்கு வந்தால் தெளிவு பிறக்கும் என்று எண்ணுகிறேன்.

நம் கடற்கரை ஊர்களில், சபர் போனவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அந்நாளில் அரிது. ஒரு வீட்டில் மகளுக்கு நாளை நிக்காஹ். பந்தல் போட்டாயிற்று. அந்நேரம் ரங்கூனிலிருந்து ஒரு தந்தி வருகிறது: மூத்த மகன் மவுத்து, அடக்கமும் ஆகிவிட்டது. வாப்பா தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். மறுநாள் பந்தலில் நின்று வந்தவர்களையெல்லாம் கைபிடித்து வரவேற்கிறார். மூன்றாம் நாள், மணமகள் புறப்பட்டுப் போன பிறகு, உம்மாவை அருகே அழைத்துச் சொல்கிறார். இப்படி நடந்த வீடுகள் உண்டு. அந்த வாப்பாவைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு நா எழாது. அவர் மறைத்த இரண்டு நாளின் சுமை முழுவதையும் அவரே சுமந்தார். அந்த இரண்டு நாளில் உம்மா செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

தந்தியில் வேறு செய்தி இருந்ததாக வைத்துக்கொள்வோம். மகன் நோயுற்றுக் கிடக்கிறான்; உடனே பணம் அனுப்புக, ஆள் அனுப்புக. அதையும் வாப்பா மடித்து வைத்துக்கொண்டு பந்தலில் நின்றிருந்தால்? அப்பொழுது நம் தீர்ப்பு மாறிவிடுகிறது. உம்மாவின் கழுத்திலிருக்கும் நகையை விற்றாவது காப்பாற்றியிருக்கலாமே என்கிறோம். இன்னும் ஒரு படி போவோம். மகனைப் போக வேண்டாம் என்று உம்மா தடுத்தாள். வாப்பாதான் பிடிவாதமாகக் கப்பலேற்றினார். அதனால் அவள் முகத்தில் விழிக்க அஞ்சியே தந்தியை மறைத்தார். இப்பொழுது அவர் மறைத்தது அவளுக்காகவா, தமக்காகவா?

செய்தி என்பது அறிந்தவன் கையில் இருக்கும் அமானிதம். அது யாருடைய உயிரையும் வாழ்வையும் பற்றியதோ அவருக்கு உரியது. அமானிதத்தை உடையவரின் நன்மைக்காகச் சிறிது நேரம் பாதுகாத்து வைப்பது வேறு. தன் மானத்தைக் காத்துக்கொள்ளப் பூட்டி வைப்பது வேறு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மறைத்தவனுக்குக்கூடச் சில வேளை வேறுபாடு தெரியாமல் போகும்.

அன்று மாஸ்கோவில் மறைக்கப்பட்டது எவ்வகை? ஆறு மணி நேரத்தில் ஒரு தாய் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எல்லை நகரிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்டிருக்கலாம். விடுமுறையில் சென்ற மகனைத் தேடி ஒருவர் போயிருக்கலாம். செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. மறைத்தவர்களுக்கோ, "தாக்குதல் வராது என்று ஒன்பது நாள் முன்பு சொன்னோமே" என்ற சங்கடம் இருந்தது. அன்று நாட்டின் தலைவரான ஸ்டாலின் பேசவும் இல்லை. மொலட்டோவைப் பேசச் சொன்னார். அவர் பேசியதைத் தெருமுனை ஒலிபெருக்கிகளின் கீழ் நின்று மக்கள் கேட்டனர். அக்காட்சியை யெவ்கெனி கல்தேய் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படம் இன்றும் கிடைக்கிறது. முகங்களெல்லாம் மேல்நோக்கி இருக்கின்றன. அவற்றில் நான் கண்டது கலவரமன்று, கூர்ந்து கேட்டல். மக்கள் கலங்குவர் என்று அஞ்சியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு லண்டனிலிருந்து சர்ச்சில் பேசினார். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பொதுவுடைமையை எதிர்த்து வந்தவர் அவர். அன்று ரஷ்யாவுக்குத் துணை நிற்பதாக அறிவித்தார். ஆனால் பழைய எதிர்ப்பில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறப் போவதில்லை என்பதையும் அதே பேச்சில் சொன்னார். கேட்பவர்களை மறதிக்காரர்களாக அவர் நடத்தவில்லை. நம் நாட்டு விடுதலைக்கு அவர் இழைத்த தடைகளை நான் மறந்துவிடவில்லை; ஆயினும் அன்றைய மூன்று குரல்களில் கேட்பவரை மதித்த குரல் அதுவே என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே சர்ச்சில் ஓராண்டுக்கு முன்பு வேறு விதமாக நடந்துகொண்டார். 1940 ஜூன் 17ஆம் நாள் பிரான்ஸ் கடற்கரையருகே லங்காஸ்ட்ரியா என்ற கப்பல் குண்டுவீச்சில் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தோல்விச் செய்திகளால் நொந்திருந்த மக்கள் இதையும் தாங்கமாட்டார்கள் என்று அவர் அச்செய்தியைத் தடுத்தார். சில நாளில் தடையை நீக்க எண்ணியிருந்ததாகவும், நெருக்கடிகளுக்கிடையே அதை மறந்துவிட்டதாகவும் பின்னாளில் தம் நூலில் எழுதினார். அந்த மறதியை நான் நம்புகிறேன். அதனாலேயே அது என்னை அச்சுறுத்துகிறது. மறைப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தொடர்ந்து மறைத்திருக்கக் காரணம் ஒன்றும் தேவைப்படவில்லை. மறந்தாலே போதுமாக இருந்தது. பிள்ளைகளின் கதி அறியாது வாரக்கணக்கில் காத்திருந்த வீடுகளுக்கு அந்த மறதி என்னவாக இருந்திருக்கும்?

நம்மவர்களையும் இத்தகைய மௌனம் தீண்டாமல் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கு ஆறு மாதம் கழித்து, 1941 டிசம்பர் 11 அன்று, ஜப்பானிய விமானங்கள் பினாங்கின்மீது குண்டு பொழிந்தன. சூலியா தெருவும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நம் வீடுகளில் எத்தனையோ பேருக்குச் சொந்த ஊரைப் போன்ற பெயர்கள். அடுத்த சில இரவுகளில் அங்கிருந்த ஐரோப்பியர்களை ஆட்சியாளர்கள் ஓசையின்றிக் கப்பலேற்றி அனுப்பினர். பின்பு படையும் அகன்றது. தமிழரும் மலாயரும் சீனரும் விடிந்து பார்த்தபோது, ஆட்சி நடத்தியவர் ஒருவரும் இல்லை. பிறகு சிங்கப்பூர் வானொலியில் பேசிய பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கின் பெரும்பான்மை மக்கள் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டுவிட்டதாகச் சொன்னார். வெளியேற்றப்படாத பெரும்பான்மையைச் சேர்ந்தவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். தாம் மக்கள் தொகையில் சேர்த்தியில்லை என்பதை அன்று வானொலி வழியாக அறிந்துகொண்டார்கள். கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் சரவணமுத்து என்ற தமிழர். அவ்வூர்ச் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியர். ஊரில் அரசு இல்லை என்ற உண்மையைச் சொல்ல அந்தக் கொடி இறங்க வேண்டியிருந்தது. ஒரு பத்திரிகையாளர் அதைச் செய்தது பொருத்தம் என்றே எனக்குத் தோன்றும்.

மீண்டும் ரஷ்யாவுக்கு வருவோம். போர் தொடங்கிய மூன்றாம் நாள், ஜூன் 25 அன்று, பொதுமக்கள் தம்மிடமுள்ள வானொலிப் பெட்டிகளையெல்லாம் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. எஞ்சியது, கம்பி வழியாக வீட்டுச் சுவருக்கு வரும் ஒலிபெருக்கி. கறுப்புக் காகிதத்தாலான தட்டுப் போன்றது. அதில் ஒரே குரல்தான் வரும். நிலையத்தை மாற்றத் திருகும் குமிழ் கிடையாது. ஜெர்மனியில் வேற்று நாட்டு வானொலியைக் கேட்பதே 1939 செப்டம்பர் முதல் குற்றமாக்கப்பட்டிருந்தது. ஒருவர் காதைத் தண்டனையால் அடைத்தார். மற்றவர் கம்பியால் அடைத்தார்.

ஜூன் 28இல் மின்ஸ்க் நகரம் வீழ்ந்தது. அறிக்கைகளில் ஊர்ப் பெயர்களுக்குப் பதிலாகத் திசைகளே வந்தன. மக்கள் அந்தத் திசைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். நேற்று ஓரூர்த் திசை என்றவர்கள் இன்று அதற்கும் கிழக்கே வேறோர் ஊரின் திசை என்றால், இடைப்பட்டது போயிற்று என்று பொருள். ஜூலை 3ஆம் நாள் ஸ்டாலின் பேசினார். பதினோரு நாள் கழித்து. லித்துவேனியா போயிற்று, லாட்வியாவில் பெரும்பகுதி போயிற்று, மேற்கு பைலோரஷ்யா போயிற்று என்று அப்பொழுதுதான் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. சகோதரர்களே, சகோதரிகளே என்று அவர் விளித்ததும், இழந்த நிலங்களின் பெயர்களைச் சொன்னதும் மக்களைத் தேற்றின என்று அக்காலத்தில் வாழ்ந்த பலர் எழுதியிருக்கிறார்கள். பாடம் முழுதாகக் கற்கப்படவில்லை. மூன்றே நாள் கழித்து, ஜூலை 6 அன்று, கலக்கமூட்டும் பொய் வதந்திகளைப் பரப்புவோருக்குச் சிறை என்ற ஆணை வந்தது. ஜூன் 13 அறிக்கையும் அவ்வகையில் அடங்கியிருக்க வேண்டும். அதைப் பரப்பியவர் எவரும் சிறை செல்லவில்லை.

இந்தப் போரிலேயே வேறொரு மௌனமும் இருந்தது. 1941 செப்டம்பர் 8 முதல் லெனின்கிராட் நகரம் முற்றுகைக்குள்ளாயிற்று. அந்தக் குளிர்காலத்தில் வேலையில்லாதோருக்கும் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி. வானொலியில் ஓயாமல் பேச ஆளில்லை. பேசுகிறவர்களும் பசியால் விழுந்துகொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில், இசைப் பயிற்சியில் தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை ஒலிவாங்கியின் முன் ஓடவிட்டார்கள். டக், டக் என்று அது இரவெல்லாம் அடிக்கும். மெதுவாக அடித்தால் ஆபத்தில்லை. விரைந்து அடித்தால் குண்டுவீச்சு வருகிறது, பதுங்குங்கள். லெனின்கிராட் வானொலி எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. தணிக்கை அங்கும் இருந்தது. மாண்டவர்களின் தொகை சொல்லப்படவில்லை. ஆயினும் சொல்ல ஒன்றும் இல்லாத நேரத்தில் உடற்பயிற்சி நிகழ்ச்சியை ஒலிபரப்பி எல்லாம் நலம் என்று காட்டாமல், இதோ இருக்கிறோம், இப்பொழுது சொல்வதற்கு இதுதான் இருக்கிறது என்று அந்த ஒலி காட்டியது.

1942 ஜனவரியில் மின்சாரம் குன்றி, நகரின் பல பகுதிகளில் அந்தக் கறுப்புத் தட்டுகள் ஊமையாயின. அப்பொழுது கோலூன்றிக்கொண்டு, பனியில் நெடுந்தொலைவு நடந்து, சிலர் வானொலி நிலையத்துக்கே வந்து சேர்ந்தனர். அவர்கள் ரொட்டி கேட்டு வரவில்லை. எங்கள் பகுதியில் ஏன் பேசவில்லை என்று கேட்க வந்தார்கள்.